குடிக்கூலி உதவியும் கடன் தவணையும்

கடன் அடைபட்ட நாள் நல்ல நாள் என்பதில் நம் சங்க அங்கத்தினர்களுக்குள் இரண்டு அபிப்பிராயம் இராது. பத்திரம் கைக்குத் திரும்பி வருகிறது. பேரேட்டில் பாக்கியில்லை என்று எழுதப்படுகிறது. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிற்றூர்களில், தாம் வாங்காத ஒரு கடன் அடைபடப் போகும் நாளை எண்ணிக் கவலையுறும் ஏழைக் குடும்பங்கள் பல இருக்கின்றன. அக்கடன் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின்மேல் உள்ளது. அது தீர்ந்தவுடன், அவர்களுடைய குடிக்கூலியில் பெரும்பகுதியைச் செலுத்தி வரும் அரசாங்கத்தின் கையும் விலகிவிடும். இவ்விந்தை எவ்வாறு நேர்ந்தது என்பது, மானியத்தோடும் தவணையோடும் நாள்தோறும் பழகும் நாம் அறிய வேண்டிய செய்தியாகும்.

அந்நாட்டில் கிராமத்தாரின் வீட்டு வசதியைக் கவனிப்பது விவசாய இலாகா. 1949-ஆம் ஆண்டில் ஜனாதிபதி ட்ரூமன் கையொப்பமிட்ட வீட்டுவசதிச் சட்டத்தின் ஐந்தாம் பகுதி, நிலமுடைய விவசாயி வீடு கட்டவும் பழுது பார்க்கவும் கடன் தர வழி செய்தது. விவசாயக் கடன் கொடுத்து வந்த நிருவாகத்தினிடமே அப்பொறுப்பும் விடப்பட்டது. 1961-இல் நிலமில்லாத கிராமத்தாருக்கும் கடன் விரிந்தது. ஆயினும் கடன் வாங்கி வீடு கட்டவும் திராணியற்றவர் எங்கே போவர்? இக்கேள்விக்கு விடையாக, 1962-இல் முதியோருக்கும், 1966-இல் வருவாய் குறைந்த மற்றக் குடும்பங்களுக்கும் வாடகை வீடு கட்டித் தருவோருக்குக் கடன் அளிக்கும் ஏற்பாடு வந்தது. சட்டத்தின் 515-ஆம் பிரிவு என்று இதனை வழங்குவர்.

நெசவாளர்கள் கவனிக்கத்தக்க ஒரு செய்தியை இங்கே சொல்லிச் செல்கிறேன். வட கரோலினா, தென் கரோலினா மாநிலங்களில் பஞ்சாலை முதலாளிகள் தாமே வீடு கட்டித் தொழிலாளருக்கு விட்டு, கூலியிலிருந்து வாடகையைப் பிடித்துக்கொண்ட காலம் ஒன்றிருந்தது. வேலை போனால் வீடும் போகும். 1930-களின் நடுவிலிருந்து ஆலைகள் அவ்வீடுகளை விற்றுவிடத் தொடங்கின. வாங்க முடிந்தவர் வாங்கினர்.

515-ஆம் பிரிவின்கீழ்க் கட்டிய வீடுகளின் கணக்கு முறை நம் சங்கக் கணக்கை ஒத்தது. தனி மனிதரும், இலாப நோக்கற்ற ஸ்தாபனங்களும், கூட்டுறவுச் சங்கங்களும் கடன் பெறலாம். மானியம் போக வட்டி நூற்றுக்கு ஒன்று. தவணைக் காலம் 50 ஆண்டு வரையிலும் கொடுக்கப்பட்டது. ஆனால் வீட்டுக்குடையவர் தம் விருப்பம்போல் வாடகை விதிக்க முடியாது. பராமரிப்பு, வரி, இன்ஷியூரன்ஸ், கடன் தவணை, பழுதுபார்க்கும் நிதிக்கு ஒதுக்கு என்று ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் எழுதி விவசாய இலாகாவின் ஒப்புதல் பெற வேண்டும். இலாபத்துக்காகக் கட்டியவரும், தாம் தொடக்கத்தில் போட்ட முதலுக்கு நூற்றுக்கு எட்டுக்குமேல் எடுக்கலாகாது. கணக்குப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வேற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது.

அடக்க விலைக்கே வீடு கிடைப்பினும் அதனையும் தர இயலாதவர் உண்டு. தனித்து வாழும் முதிய விதவை, ஊனமுற்றவர், அறுவடைக் காலத்தில் மட்டும் வேலை காண்பவர் ஆகியோர் அத்தகையோர். ஆகவே 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் 521-ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. குடிக்கூலி உதவி என்பது இதுவே. சாதாரணமாகக் குடியிருப்பவர் தம் வருவாயில், அனுமதித்த கழிவுகள் போக, நூற்றுக்கு முப்பது கொடுத்தால் போதும். எஞ்சியதை அரசாங்கம் வீட்டுக்குடையவருக்குச் செலுத்தும்.

ஓர் உதாரணம் கொள்வோம். கழிவு நீங்கலாக ஒரு மூதாட்டியின் மாத வருவாய் 1,000 டாலர். அவர் பங்கு 300. வீட்டின் வாடகை 650 டாலர், மின்சாரமும் வெப்பமூட்டும் எரிபொருளும் 100 டாலர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மொத்தம் 750, அதில் 300 போக அரசாங்கத்தின் பங்கு 450. மூதாட்டி வாடகையாக 200 டாலரை வீட்டுக்குடையவரிடம் கொடுத்து, மின்சாரக் கட்டணம் முதலியவற்றைத் தாமே கட்டிக்கொள்கிறார். வீட்டுக்குடையவருக்கு 200-உம் 450-உம் சேர்ந்து 650 வந்துவிடுகிறது. எரிபொருளையும் குடிக்கூலியோடு சேர்த்து எண்ணியது நல்ல புத்தி. பனி பெய்யும் ஊரில் வெப்பமில்லாத வீடு வீடாகாது. வருவாய் குறைந்தால் அவர் பங்கும் குறையும். ஆண்டுக்கொரு முறை வருவாய்க்குச் சான்று காட்ட வேண்டும்.

ஏறக்குறைய 2.8 லட்சம் குடும்பங்கள் இவ்வுதவியைப் பெறுகின்றன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை முதியோர் அல்லது ஊனமுற்றோர் குடும்பங்கள். 2024-ஆம் நிதியாண்டில் இதற்காக ஒதுக்கிய தொகை சுமார் 160 கோடி டாலர். 1961-இலும் 1964-இலும் வந்த வேறிரு பிரிவுகளின்கீழ்ப் பண்ணைத் தொழிலாளருக்காகக் கட்டிய வீடுகளிலும் இவ்வுதவி வழங்கலாம். எனினும் இவ்வகைக் கட்டடங்களில் குடியிருக்கும் எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. உதவி, வீட்டுக்கு வீடு எண்ணி ஒதுக்கப்படுகிறது. ஒரே கூரையின்கீழ், ஒரே வருவாயுள்ள இரு குடும்பங்களில் ஒன்று முப்பது பங்கோடு நிற்க, மற்றொன்று அதற்குமேல் கொடுக்கும் நிலை உண்டு. வேறூருக்குப் போனால் உதவியை எடுத்துச் செல்லவும் இயலாது.

நம் நாட்டில் கிராமப்புற வீட்டு உதவி என்றால் பெரும்பாலும் வீடு கட்டிக்கொள்ளக் கொடுக்கும் தொகையே. 2016-இல் தொடங்கிய பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டமும் அவ்வகையினதே. சொந்த மனையின்றி வாடகை வீட்டில் குழித்தறி போட்டிருக்கும் நெசவாளருக்கு வீட்டை இழப்பது தொழிலை இழப்பதாகும். அவர் மாதந்தோறும் கொடுக்கும் வாடகையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

இனி, தொடக்கத்தில் சொன்ன விந்தைக்கு வருவோம். 521-ஆம் பிரிவின் உதவி, 515-ஆம் பிரிவின் கடனோடு கட்டப்பட்டிருக்கிறது. கடன் இருக்கும் வரையில்தான் அரசாங்கத்துக்கும் வீட்டுக்குடையவருக்கும் ஒப்பந்தம். நில மதிப்பு உயர்ந்த ஊர்களில் சிலர் தவணைக்கு முன்னரே கடனை முழுதும் கட்டி விடுபட முனைந்தனர். பழைய பத்திரங்கள் அதற்கு இடங்கொடுத்தன. குடியிருப்போரைக் காக்க 1987-இல் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றி அவ்வுரிமையைக் கட்டுப்படுத்திற்று. வீட்டுக்குடையவர்கள் அரசாங்கத்தின்மேல் வழக்குத் தொடுத்தனர். காலங்கடந்த வழக்கு என்ற அரசாங்கத்தின் வாதத்தை 2002-இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. எழுதிக் கொடுத்த பத்திரத்தை இடையில் மாற்றுவது முறையன்று; முதிய வயதில் ஒருவரை வீதியில் விடுவதும் முறையன்று.

முன்னரே கட்டப்பட்ட கடன்களுக்குப் பரிகாரமாக, 2006 முதல் குடியிருப்போருக்குத் தனிச் சீட்டு கொடுக்கப்பட்டு வருகிறது. அச்சீட்டின் தொகை ஒரு முறை நிர்ணயித்தால் நிர்ணயித்ததே. வருவாய் குறைந்தாலும் வாடகை ஏறினாலும் அது உயராது.

ஆனால் பெரிய சிக்கல், தவணை தவறாமல் ஒழுங்காகக் கட்டி முடிக்கப்படும் கடன்களால் வருவது. ஐம்பதாண்டுக் கெடு முடியும் காலம் வந்துவிட்டது. கெடு முடிந்தால் வாடகைக் கட்டுப்பாடும் இல்லை, உதவியும் இல்லை. 515-ஆம் பிரிவின் வீடுகள் ஒரு காலத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் கட்டப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை சுமார் நான்கு லட்சம். 2028 முதல் கெடு முடியும் வீடுகள் பெருகும் என்றும், 2050-க்குள் பெரும்பாலானவை திட்டத்தினின்றும் நீங்கக்கூடும் என்றும் அந்நாட்டின் மத்தியத் தணிக்கை அலுவலகம் 2018-இல் அறிவித்தது. பத்தாண்டுகளுக்கு மேலாக இப்பிரிவின்கீழ்ப் புதிதாக வீடு கட்டக் கடன் கொடுக்கப்படவும் இல்லை. கடனைக் கொடுத்தவர்கள் அது அடைபட்ட மறுநாளைப் பற்றி ஒரு வரியேனும் முன்கூட்டி எழுதி வைத்திருக்க வேண்டாமா?

அந்த ஒரு வரி 2024-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் எழுதப்பட்டது. கடன் தீர்ந்த பின்னரும் குடிக்கூலி உதவியைத் தனியே தொடரலாம் என்று அச்சட்டம் அனுமதித்தது. சோதனை முறையாக ஆயிரம் வீடுகள் வரையில் என்று அதற்கு எல்லையும் கட்டிற்று. அதனைக் கேட்டுப் பெற வேண்டியவர் வீட்டுக்குடையவர், குடியிருப்பவர் அல்லர்.