வெளிச்சமும் வெட்டுக்கோடும்

விடியுமுன் பிரட்டுக்குப் போகிற வீடுகளில் உளிக்கு அடுத்தபடியாகத் தேடப்படும் பொருள் டார்ச்லைட்டு. முன்பு நெற்றியில் கார்பைட் விளக்கு எரிந்தது, பிறகு சின்ன பல்பு வந்தது, இப்போது எல்.இ.டி. பழைய டார்ச்லைட்டில் பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பொருத்தித் தரும் கெட்டிக்காரப் பிள்ளைகள் லயங்களிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் போகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "தம்பி, இன்னும் தூரம் அடிக்கிற மாதிரி செய்து கொடு."

பால்மரம் வெட்டுகிறவருக்குத் தூரம் எதற்கு? அவர் பார்க்க வேண்டியது ஒரு முழத் தொலைவில் உள்ள வெட்டுக்கோட்டை. பால் மிகுதியாக ஓடும் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் இருக்கின்றன. அவற்றை ஒட்டி, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில், புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் இருக்கிறது. அதற்கு மேல் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட்டு உளி நிற்கவேண்டும். மேலோடு போனால் பால் குறையும். ஆழ்ந்து போனால் மரம் காயப்படும், பிறகு வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். இந்த 1 மில்லிமீட்டரைக் காட்டுவதுதான் விளக்கின் வேலை.

தூரம் அடிக்கும் விளக்கின் ஒளி நடுவில் ஒரு பொட்டாகக் குவியும். பக்கத்திலுள்ள பட்டையில் அது பட்டால் கண் கூசும்; பொட்டுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்கு முழுவதும் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். மரத்துக்கு மரம் கூச வைத்தால் அது எப்போது பழகுவது?

உங்கள் விளக்கை இன்றிரவே சோதித்துப் பாருங்கள். விளக்கணைத்த அறையில், வெள்ளைச் சுவரில், ஒரு முழத் தொலைவில் அடியுங்கள். வெளிச்சம் ஓரம்வரை சீராகப் பரவினால் நல்லது. நடுவில் கரும்புள்ளியோ, சுற்றிலும் வளையங்களோ தெரிந்தால், எல்.இ.டி. தன் இடத்தில் உட்காரவில்லை என்று பொருள். பழைய பல்பு எல்லாப் பக்கமும் ஒளி வீசியது; அதற்கேற்பக் கிண்ணக் கண்ணாடி செய்யப்பட்டது. எல்.இ.டி. பெரும்பாலும் முன்பக்கம் மட்டுமே வீசும். அதைச் சற்று உயர்த்தியோ தாழ்த்தியோ பொருத்தினால் புள்ளி மறையும். நடுப்பொட்டு மட்டும் கூசுகிறதென்றால், மங்கலான டிரேசிங் தாளைக் கண்ணாடி அளவுக்கு வெட்டி உள்ளே வையுங்கள். கொஞ்சம் வெளிச்சம் குறையும், குறையட்டும். கிட்டத்து வேலைக்கு மிச்சமே போதும்.

அடுத்தது நிறம். வெள்ளை எல்.இ.டி. பெரும்பாலும் நீல ஒளி தரும் ஒரு சில்லு. அதன்மேல் பூசிய மஞ்சள் பூச்சினால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீலச் சில்லுக்காக அகாசாகி, அமானோ, நாகாமுரா என்ற மூவர் 2014இல் நோபல் பரிசு பெற்றார்கள். மலிவான விளக்குகளில் சிவப்பு குறைவு. உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள். பிணத்தின் கைபோல வெளுத்துத் தெரிந்தால், பட்டையின் பழுப்பு வேறுபாடுகளும் அப்படியே மறைந்துபோகும். கெடா, பெர்லிஸ் பக்கத்து நேயர்கள் இதை இன்னும் கவனிக்கவேண்டும். அங்குள்ள குழிவிரியன், சருகின் செம்பழுப்பு நிறம் கொண்டது; ஆள் அருகில் வந்தாலும் அசையாமல் கிடக்கும். நீலம் பாய்ந்த ஒளியில் சருகு எது, பாம்பு எது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். வாங்கும்போது அட்டையில் 6500 கே என்றிருப்பதை விட 4000 கே என்றிருப்பதை எடுங்கள். சற்று மஞ்சளாக இருக்கும். சி.ஆர்.ஐ. 90 என்றும் போட்டிருந்தால் இன்னும் நல்லது.

நிரைக்குள் நடக்கும்போது விளக்கை இடுப்பளவில் பிடியுங்கள். கல்லுக்கும் வேருக்கும் நிழல் விழும். நெற்றியிலிருந்து அடித்தால் தரை தட்டையாகத்தான் தெரியும்.

விளக்கை மாற்றியமைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். சாதாரணக் கட்டை இரண்டு போட்டால், கட்டை இளைத்ததும் ஒளி மங்கிவிடும். அதனால் லித்தியம் கட்டைக்குப் போகிறார்கள். அது நிறைந்தால் 4.2 வோல்ட் இருக்கும்; மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சிறு பலகை இல்லாமல் எல்.இ.டி.யில் நேராக இணைத்தால் சூடேறிக் கெடும். உறை கிழிந்த லித்தியம் கட்டையைப் பயன்படுத்தாதீர்கள். அதற்கென உள்ள சார்ஜரில் மட்டுமே ஏற்றுங்கள். ஏற்றுவதும் எல்லாரும் விழித்திருக்கும் நேரத்தில், மெத்தை துணிமணிகளுக்கு அப்பால், சிமெண்டுத் தரையில்.