பார்வையற்றோர்க்கா, பார்வையற்றோரதா?

நாளிதழ் வாங்குவோர் அதில் அரசியல் செய்தியை மட்டும் படிப்பதில்லை. இறப்பு அறிவிப்புகளில் அறிந்தவர் பெயர் உண்டா என்று தேடுகின்றனர். பேரங்காடியில் அரிசி என்ன விலை, எண்ணெய் என்ன விலை என்று பார்க்கின்றனர். கோயில் திருவிழா அறிவிப்பையும் வாசகர் கடிதத்தையும் விட்டுவிடுவதில்லை. வானொலிச் செய்தி இவற்றுள் பெரும்பாலானவற்றைச் சொல்வதில்லை; பத்து நிமிடத்தில் சொல்லவும் இயலாது. கண்ணுடையார்க்கு இதனால் இழப்பு ஒன்றும் இல்லை. பார்வையற்ற ஒருவரோ, தம் ஊரில் இறந்தவர் யார் என்று அறிவதற்கும் பிறர் வந்து படித்துச் சொல்லக் காத்திருக்க வேண்டியவராகிறார். இன்று கைப்பேசி எழுத்தை ஒலியாக்கித் தருகிறது என்பது உண்மையே. ஆயினும் படமாக வரும் விளம்பரத்தை அது எப்போதும் செவ்வனே படித்துவிடுவதில்லை. முதுமையில் பார்வை இழந்தோர் பலர்க்கு அக்கருவி எளிதில் கைவருவதும் இல்லை.

இக்குறையை நீக்கத் தோன்றியதே படிப்பு வானொலி. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1969 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இத்தகைய முதல் ஒலிபரப்பு தொடங்கியது. பண்பலை வானொலியின் அலைவரிசைக்குள் அடங்கிய துணை அலையில் நூல்களும் நாளிதழ்களும் படிக்கப்பட்டன. அதனைக் கேட்பதற்குரிய தனிப்பெட்டி, பார்வையற்றோர் வீடுகளுக்கு இரவலாக வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டே, அதாவது 1970இல், வேல்சு நாட்டின் அபெரிசுட்வித்து என்னும் ஊரில் உள்ளூர்ச் செய்தியை ஒலிநாடாவில் பதிந்து அஞ்சலில் அனுப்பும் 'பேசும் செய்தித்தாள்' பிறந்தது. நூலகவியல் ஆசிரியரான ரொனால்டு சுடர்ட்டு அதற்கு வித்திட்டவர். இந்தியாவில் 2014 ஆம் ஆண்டு தொடங்கிய 'ரேடியோ உடான்' என்னும் இணைய வானொலி, பார்வையற்றோர் தாமே நடத்துவது.

இத்தகைய நிலையங்களைப் பற்றிப் பேசுவோர், ஊதியம் பெறாது வந்து படிக்கும் தொண்டர்களைப் பாராட்டுவர். அப்பாராட்டு தகும். ஆனால், ஊதியம் பெறாத தொண்டர்களுள் வேறொரு கூட்டத்தாரும் உளர். அவர்கள் குரல் வானொலியில் கேட்பதில்லை. திங்களுக்கு ஒருமுறை மேசையைச் சுற்றி அமர்ந்து, எதைப் படிப்பது, எவ்வளவு செலவிடுவது, யாரை மேலாளராக அமர்த்துவது என்று முடிவு செய்வோர் அவர்கள். அவர்களே ஆட்சிக்குழுவினர். நிலையம் நிலைப்பதும் வீழ்வதும் பெரும்பாலும் அந்த மேசையில் முடிவாகின்றன.

தொகையை விரித்தால்

'பார்வையற்றோர் வானொலி' என்பது வேற்றுமைத் தொகை. உருபு மறைந்து நிற்கிறது. தொகைச் சொல் ஒன்று இரண்டு முதல் ஏழு வரை பொருள் மயங்கி வரக்கூடும் என்று நன்னூலார் கூறுவது தமிழாசிரியர் அறிந்ததே. இத்தொகையை நான்காம் வேற்றுமையாக விரித்தால் 'பார்வையற்றோர்க்கு வானொலி' என்றாகும். ஆறாம் வேற்றுமையாக விரித்தால் 'பார்வையற்றோரது வானொலி' என்றாகும். முன்னதன் பொருள் கொடை. பின்னதன் பொருள் உடைமை. தமிழ்ப் பெயரில் உருபு தொக்கு நிற்பதால் எவரும் இவ்வினாவை எழுப்பாமலே காலம் கழிந்துவிடலாம். ஆங்கிலத்தில் அது முடியாது. ஏதேனும் ஓர் இடைச்சொல்லை எழுதியே தீரவேண்டும். ஆதலின் இவ்வினா அங்கு வெளிப்படையாக எழுந்து, நூறாண்டுக்கு மேலாக வழக்காடப்பட்டு வந்துள்ளது.

இங்கிலாந்தில் 1868 ஆம் ஆண்டு தாமசு ரோட்சு ஆர்மிட்டேசு என்பார் பார்வையற்றோர் கல்விக்காக ஒரு சங்கம் கண்டார். அவர் மருத்துவர்; கண்பார்வை குன்றியதால் தொழிலை விட்டவர். அக்காலத்தில் பார்வையற்றோர் படிப்பதற்குப் பலவகைப் புடைப்பெழுத்துகள் இருந்தன; ஒவ்வொன்றையும் அதனைக் கண்டுபிடித்தவரும் விற்பவரும் உயர்த்திப் பேசினர். எது சிறந்தது என்று தீர்ப்பதற்கு ஆர்மிட்டேசு அமைத்த குழுவின் விதி கருதத்தக்கது: உறுப்பினர் விரலால் படிப்பவராக இருத்தல் வேண்டும், குறைந்தது மூன்று எழுத்து முறைகளை அறிந்திருத்தல் வேண்டும், எம்முறையிலும் பொருள் ஆதாயம் இல்லாதவராக இருத்தல் வேண்டும். அக்குழு பிரெயில் முறையைத் தேர்ந்தது. பட்டறிவு, கல்வி, பற்றின்மை என்னும் மூன்றையும் ஒருங்கே கேட்ட இவ்விதியை இன்றைய ஆட்சிக்குழுக்களும் அப்படியே எடுத்து ஆளலாம்.

அச்சங்கமே பிற்காலத்தில் அரச தேசியப் பார்வையற்றோர் நிறுவனமாக வளர்ந்தது. வளர்ந்த காலத்தில் அதன் பெயரில் இருந்தது நான்காம் வேற்றுமைப் பொருள் தரும் இடைச்சொல்லே. 2002 ஆம் ஆண்டில்தான் அது ஆறாம் வேற்றுமைப் பொருள் தரும் சொல்லாக மாற்றப்பட்டது. ஓர் இடைச்சொல் மாறுவதற்கு அத்தனை காலம் ஆயிற்று.

உலக அளவிலும் இப்பிரிவு இருந்தது. 1951இல் தோன்றிய உலகப் பார்வையற்றோர் நலப் பேரவையில் தொண்டு நிறுவனங்கள் மேலோங்கி நின்றன. பார்வையற்றோர் தாமே கூடி, 1964இல் பன்னாட்டுப் பார்வையற்றோர் கூட்டமைப்பை நிறுவினர். இருபது ஆண்டுகள் தனித்து நின்ற இவ்விரண்டும் 1984இல் ரியாத் நகரில் இணைந்து உலகப் பார்வையற்றோர் ஒன்றியமாயின.

பங்சாரும் பிரிக்பீல்ட்சும்

மலேசியாவில் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற இடம் கோலாலம்பூரின் பங்சார் வட்டாரம். இது ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். பங்கே, கிரிசார் என்னும் இரு முதலாளிகளின் பெயர் சேர்ந்தே பங்சார் என்றாயிற்று என்பர். இதனை அடுத்த குன்றின்மேல் 1968இல் திறக்கப்பட்ட அங்காசாபுரி, நாட்டின் வானொலிக்கு இல்லம். மின்னல் பண்பலையின் தமிழ்க் குரல் அங்கிருந்தே எழுகிறது. பங்சாரின் மறுபக்கத்தில் பிரிக்பீல்ட்சு. அங்கு மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. 1951இல் மலாயாப் பார்வையற்றோர் சங்கமாகத் தோன்றி, கர்னி பயிற்சி நிலையத்தின் வழியே பலர்க்குத் தொழில் கற்றுக் கொடுத்தது அது. பிரிக்பீல்ட்சின் தெருக்களில் வெண்கோல் தட்டும் ஓசை பல ஆண்டுகளாகவே பழகிய ஓசை.

அச்சங்கத்தின் ஆங்கிலப் பெயரில் உள்ளது நான்காம் வேற்றுமைப் பொருள். பார்வையற்றோர் தாமே உறுப்பினராய்க் கூடி ஆறாம் வேற்றுமைப் பொருளில் பெயர் சூடிய கழகமும் இந்நாட்டில் உண்டு. இருவகை அமைப்புகளும் ஒருங்கே அமர்வதற்கு 1986இல் தேசியப் பார்வையற்றோர் மன்றம் ஏற்பட்டது. பெயரில் உள்ள உருபைக் கொண்டு மட்டும் ஒரு சங்கத்தை எடைபோடுதல் முறையன்று. கொடையும் வேண்டும். 1929 ஆம் ஆண்டு கிறித்துமசு நாளில் வின்சுடன் சர்ச்சில் வானொலியில் பேசி, பார்வையற்றோர்க்கு வானொலிப் பெட்டி வழங்கப் பொருள் வேண்டினார். அது கொடையே; அதனால் பல வீடுகளில் தனிமை நீங்கியது. பெட்டியைக் கொடுப்பவர் யாராகவும் இருக்கலாம். அப்பெட்டியில் எது ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் யார் என்பதே வினா.

மேசையைச் சுற்றி

இவ்வினாவுக்கு விடை, கூட்டம் நடக்கும் முறையிலேயே தெரிந்துவிடும். ஆட்சிக்குழுவில் பார்வையற்றோர் இருவர் இருப்பதாகக் கொள்வோம். கூட்டம் தொடங்கியதும் கணக்கறிக்கை அச்சுத்தாளில் வழங்கப்படுகிறது. மற்றையோர் புரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்கின்றனர். இவ்விருவரும் கையில் தாளை வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கின்றனர். "சம்மதந்தானே?" என்று கேட்டால், சம்மதம் என்பதன்றி அவர்கள் சொல்லக்கூடியது யாது? கூட்டக் குறிப்பில் அவர்கள் பெயர் இருக்கும். முடிவில் அவர்கள் கருத்து இராது.

இதனைத் தவிர்க்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அறிக்கைகளைக் கூட்டத்திற்கு ஒரு வாரம் முன்னதாகவே பிரெயிலிலோ ஒலிப்பதிவாகவோ கணினி படிக்கக்கூடிய வடிவிலோ அனுப்பினால் போதும். பேசுவோர் ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லிவிட்டுப் பேசலாம். கையுயர்த்தி வாக்களிப்பதற்கு மாறாகப் பெயர் அழைத்து வாக்குக் கேட்கலாம். அப்பொழுது பார்வையற்றவர் தலைவராக இருந்தாலும் எண்ணிக்கையைத் தாமே அறிவார். கண்ணுடையார்க்கும் இம்முறை நன்மையே செய்யும். பெயர் சொல்லி வாக்களிப்பவர் சற்று எண்ணிப் பார்த்தே வாக்களிப்பார்.

ஆட்சிக்குழுவின் கடமை வேறு, மேலாளரின் கடமை வேறு. இன்று எந்த நிகழ்ச்சி முதலில் வரவேண்டும் என்பது மேலாளரின் வேலை. நிலையம் யாருக்காக இருக்கிறது, ஆண்டு வரவுசெலவு எவ்வளவு, மேலாளர் தம் பணியைச் செவ்வனே செய்கிறாரா என்பன குழுவின் வேலை. தோட்டக் கோயில் நிருவாகமும் பள்ளி வாரியமும் கண்டவர்க்கு இவ்வேறுபாடு விளங்கும். வாரியத் தலைவர் வகுப்பறையில் புகுந்து பாடம் நடத்தத் தொடங்கினால் பள்ளி நடக்காது. கணக்கைக் கேளாமல் மாலை மட்டும் ஏற்றுக்கொண்டு போனாலும் நடக்காது.

சட்டமும் உண்டு. 1966 ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி பதிவு பெற்ற சங்கம், ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் தன் ஆண்டறிக்கையைப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். நூல்களைப் படித்து ஒலிபரப்புவதில் பதிப்புரிமையும் குறுக்கிடும். பார்வையற்றோர்க்கு ஏற்ற வடிவில் நூல்களை ஆக்குவதற்கு வழிவகுக்கும் மராக்கேசு உடன்படிக்கை 2013இல் ஏற்பட்டது. மலேசியா 2022இல் அதில் சேர்ந்தது. ஆனால், அச்சலுகை பயனாளிகளுக்கான படிகளைக் கருதியது. யாவரும் கேட்கும் ஒலிபரப்புக்கும் அது தானே பொருந்தும் என்று கொண்டுவிடுதல் கூடாது. ஆசிரியரிடமோ பதிப்பாளரிடமோ இசைவு பெறுவதே தக்கது. இதனை அறிந்து வைப்பதும் குழுவின் பொறுப்பே.

இரண்டு எச்சரிக்கைகள்

உருபு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவதும் பிழை. பெயரை மாற்றிக்கொண்ட அந்த இங்கிலாந்து நிறுவனத்தின்மீதே 2018 ஆம் ஆண்டில் அறக்கொடை ஆணையம் விசாரணை தொடங்கியது. அது நடத்திய குழந்தைகள் இல்லம் ஒன்றில் நேர்ந்த குறைகளை ஆட்சிக்குழு உரிய முறையில் மேற்பார்வை செய்யத் தவறியது என்பது 2020இல் வெளியான அறிக்கையின் சாரம். நிறுவனம் தம்முடையது என்று சொன்னால் மட்டும் போதாது. உடையவன் கண்காணிக்கவும் வேண்டும். ஆர்மிட்டேசின் விதியில் பட்டறிவோடு கல்வியும் கேட்கப்பட்டதன் காரணம் இதுவே.

மற்றோர் எச்சரிக்கை, நல்லவர் ஒருவரின் வாழ்க்கையிலிருந்து கிடைப்பது. இயன் பிரேசர் என்னும் இளைஞர் 1916இல் சொம் போர்க்களத்தில் குண்டடிபட்டுப் பார்வை இழந்தார். 1921இல், இருபத்துநான்கு வயதில், போரில் பார்வை இழந்தோர்க்கான செயின்ட் டன்சுடன்சு இல்லத்தின் தலைவரானார். வானொலியில் அவர்க்குத் தணியாத ஈடுபாடு. பார்வையற்றோர் வானொலி உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்னும் 1926 ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பாராளுமன்றத்தில் பாடுபட்டார். 1935இல் தொடங்கிய பேசும் நூல்களுக்கு முன்னோடியாக நின்றார். பிபிசியின் ஆளுநர்களுள் ஒருவராகவும் இருந்தார். பார்வையற்றவர் ஒருவர் ஆட்சிக்குழுத் தலைமையில் அமர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. ஆயினும் அவர் அத்தலைமையில் 1974 வரை, ஐம்பத்துமூன்று ஆண்டுகள் இருந்தார். அவர் தகுதியை எவரும் ஐயுறார். எனினும், ஒருவர் ஐம்பது ஆண்டு அமர்ந்திருக்கும் நாற்காலியில் அடுத்தவர் அமர்ந்து பழகுவது எங்ஙனம்? ஆதலின் பதவிக்காலத்திற்கு வரையறை வைப்பதும், துணைத்தலைவர்க்குக் கூட்டம் நடத்த வாய்ப்பளித்துப் பழக்குவதும் நல்ல தலைவரின் கடமையாகும்.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன?

ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் ஒரு படிப்பு வானொலி வேண்டுவன பல உள. லகர ளகர ழகரம் பிழையாது படிக்கும் நாவு உண்டு. நிறுத்தற்குறி அறிந்து மூச்சுவிடும் பழக்கம் உண்டு. பள்ளி வாரியத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் கூட்டக் குறிப்பு எழுதிய கை உண்டு. ஆதலின், படிப்பதற்கும் குழுவில் அமர்வதற்கும் அவரை அழைப்பர். படிக்க அழைத்தால் தயங்காது செல்லலாம்.

குழுவில் அமர அழைத்தால், இசைவு சொல்லுமுன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இக்குழுவில் பார்வையற்றோர் எத்தனை பேர்? அவர்கள் கைக்குக் கணக்கறிக்கை எந்த வடிவில், எத்தனை நாள் முன்னதாகப் போய்ச் சேர்கிறது? இவற்றுக்குச் செவ்விய விடை கிடைக்குமாயின் தொகை சரியாகவே விரிந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

ஆறாம் வேற்றுமையின் உடைமையைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பிரிப்பர். சாத்தனது வீடு சாத்தனை விட்டு நீங்கக்கூடியது. சாத்தனது கை நீங்காதது. பார்வையற்றோரது வானொலி வீட்டைப்போல் வாடகைக்கு வந்து போவதாக இருத்தல் போதாது. கையைப்போல் அவர்கள் எண்ணியவாறு இயங்க வேண்டும்.