காளை இல்லாத ரிஷபவாகனர்

சீர்காழிக்குப் பக்கத்திலிருக்கும் திருவெண்காட்டுக்கு இன்று போகிறவர்களில் நிறையப் பேர் புதன் பரிகாரத்துக்காகப் போகிறார்கள். பச்சை வஸ்திரம், பச்சைப் பயறு, ஒரு அர்ச்சனைச் சீட்டு. முடிந்ததும் அடுத்த நவக்கிரகத் தலத்துக்கு வேன் கிளம்பிவிடும். அந்தக் கோயிலுக்காக ஆயிரம் ஆண்டுக்கு முன் வார்க்கப்பட்ட சாமிகளில் உலகப் புகழ் பெற்றவை அங்கே இல்லை என்பது வேனில் இருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! ரிஷபவாகனர், அவருடைய தேவி, பிட்சாடனர், கல்யாணசுந்தரர் எல்லாம் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில். அர்த்தநாரி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில்.

காவிரிக் கரையின் கலைச்செல்வத்தைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: எல்லாவற்றையும் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள். ஒரே ஒரு ஊரைப் பிடித்துக்கொண்டு, அதன் சாமிகள் எங்கெங்கே குடிபோயிருக்கின்றன என்று தேடிப் போங்கள். திருவெண்காடு அதற்குத் தோதான ஊர்.

தஞ்சைக் கலைக்கூடம் 1951-இல், அன்றைய மாவட்ட ஆட்சியரின் முயற்சியில், நாயக்கர் கட்டி மராட்டியர் வாழ்ந்த அரண்மனைக்குள் தொடங்கப்பட்டது. திருவெண்காட்டு மண்ணுக்கடியிலிருந்து செப்புத்திருமேனிகள் வெளிவந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். பதினான்காம் நூற்றாண்டுப் படையெடுப்புகளுக்குப் பயந்து கோயில்காரர்களே புதைத்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கணிப்பு. புதைத்தவர்கள் திரும்பி வந்து எடுக்கவில்லை. அடையாளம் சொல்லவும் ஆள் மிஞ்சவில்லை போலிருக்கிறது.

ரிஷபவாகனர் ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதல் உயரம். ஒரு காலை ஊன்றி, மறுகாலைக் குறுக்கே வைத்து, ஒரு கையை மடக்கி எதன் மீதோ சாய்த்தபடி நிற்கிறார். சாய்ந்திருப்பது காளையின் மேல். ஆனால் காளை இல்லை; அது கிடைக்கவே இல்லை. காளை இல்லாததால் சிற்பத்துக்குக் குறை வந்ததா என்றால், எனக்கென்னவோ கூடுதல் அழகு வந்துவிட்டதாகத்தான் தோன்றுகிறது. காற்றில் தொங்கும் அந்தக் கையையும், அதன் பாரத்தை வாங்கி ஒரு பக்கம் ஒசிந்த இடுப்பையும் பார்க்கும்போது, காளையின் உயரம்கூட நமக்குப் பிடிபட்டுவிடுகிறது. தலையில் கிரீடம் கிடையாது. சடையையே முண்டாசுபோலச் சுற்றி, இடையிடையே பாம்புகளைச் செருகியிருக்கிறார் ஸ்தபதி. வயலுக்குப் போகிற வழியில் நின்று பேசும் ஓர் இளைஞனின் தோரணை.

ராசராசன் காலத்தில், 1011-இல் இவரைக் கோயிலுக்குச் செய்தளித்தவர் கோலக்காவன் என்று திருவெண்காட்டுக் கல்வெட்டு சொல்கிறது. தேவி வந்தது அடுத்த ஆண்டு. நன்கொடையாளர் பெயரும் ஆண்டும் இப்படிக் கையில் கிடைக்கிற சோழர் செப்புத்திருமேனிகள் குறைவு. அதனால்தான், ஆண்டு தெரியாத மற்றச் சிலைகளின் காலத்தைக் கணிக்க ஆய்வாளர்கள் இவரை அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். கல்வெட்டு கோயிலில், சிலை கலைக்கூடத்தில். ஒன்றைப் பார்த்தவர் மற்றதையும் பார்த்தால்தான் கதை முழுசாகும்.

பீடத்தையும் குனிந்து பாருங்கள். உற்சவத் திருமேனிகளின் பீடங்களில் துளைகளோ வளையங்களோ இருக்கும். கழிகளைச் செருகிக் கட்டி, ஸ்ரீபாதம்தாங்கிகள் தோளில் தூக்குவதற்கான ஏற்பாடு அது. வீதியுலா வருகிற சாமி பட்டும் மாலையும் நகையுமாகத்தான் வருவார். முகமும் உள்ளங்கையும் தெரிந்தாலே பெரிது. முதுகின் வளைவையோ முழங்கால் மடிப்பையோ பக்தர்கள் யாரும் பார்க்கப்போவதில்லை. அது தெரிந்தும், மெழுகில் அத்தனை நுணுக்கமாக வடித்திருக்கிறார்கள். மெழுகு உருவத்தின் மேல் வண்டல் மண்ணைப் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். பிறகு மண் அச்சை உடைத்தாக வேண்டும் என்பதால் ஒரு அச்சுக்கு ஒரே சிலைதான். சுவாமிமலையில் இன்றும் இதே முறைதான்.

இன்னொரு விஷயம். நூற்றாண்டுக் கணக்கில் அபிஷேகம் கண்ட திருமேனிகளில் மூக்கும் உதடும் மழுங்கிப்போயிருக்கும். திருவெண்காட்டுச் சிலைகள் மண்ணுக்குள் கிடந்ததால் அந்தத் தேய்மானத்திலிருந்து தப்பின. அவற்றுக்குப் பூசை நின்றது நட்டம்தான்; உளி பட்ட கோடு அழியாமல் நமக்குக் கிடைத்தது லாபம்.

சரி, கோயில் சாமி எப்படி மியூசியத்துக்குப் போகிறது? 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்கடியில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பல திருமேனிகள் அந்த வழியாகத்தான் அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தன. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில், யாகசாலைக்காக மண் எடுத்தபோது இருபதுக்கும் மேற்பட்ட திருமேனிகளும், தேவாரம் பொறித்த நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்தன. உடனே பழைய கேள்வி எழுந்தது: இவை கோயிலுக்கா, அரசுக்கா? எங்கள் சாமியை விடமாட்டோம் என்ற ஊர்க்காரர்களின் பேச்சில் நியாயம் இருக்கிறது. பூட்டில்லாத கோயில்களிலிருந்து சாமிகள் கப்பலேறிய கதையும் இருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டு, 2014-இல்தான் நாடு திரும்பினார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம் இல்லாவிட்டால் அவர் நம்மவர் என்று நிரூபிப்பதே பெரும்பாடாகியிருக்கும்.

கோயிலுக்கும் அருங்காட்சியகத்துக்கும் நடுவே ஒரு மூன்றாம் இடமும் உண்டு. திருவாரூர் கோயிலில் இருக்கும் திருமேனிகள் பாதுகாப்பு மையம். சுற்றுவட்டாரக் கோயில்களின் ஆயிரக்கணக்கான சாமிகள் அங்கே பூட்டுக்குள் இருக்கின்றன. பக்தருக்கும் தரிசனம் இல்லை, ரசிகருக்கும் காட்சி இல்லை. மூன்றில் எனக்கு மனம் ஒப்பாதது இதுதான். ஊருக்குத் திரும்ப முடியாத சிலைகளை, ஊர்ப்பெயரோடு நல்ல வெளிச்சத்தில் மக்கள் பார்க்கும்படி வைக்கலாமே.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. ஆரம்பத்தில் அங்கே இருந்தவை பெரும்பாலும் கற்கள், தாதுக்கள். இன்று செப்புத்திருமேனிக் கூடம்தான் அதன் உயிர். திருவாலங்காட்டு நடராசர் இங்கே இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இவரைப் புகைப்படங்களில் மட்டும் பார்த்துவிட்டு 1913-இல் உருகி உருகிக் கட்டுரை எழுதினார். நேரில் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. நமக்கு மின்சார ரயிலில் ஏறினால் போதும். கூட்டம் நடராசர் முன்னால்தான் நிற்கும். நீங்கள் திருவெண்காட்டு அர்த்தநாரியைத் தேடிப் போங்கள். ஆண்பாதிக்கு இரண்டு கை, பெண்பாதிக்கு ஒன்று. இரண்டு உடல்களை ஒட்டவைத்த தையல் எங்கேயும் தெரியாது. தோள் அகலத்திலிருந்து இடுப்பு வளைவுக்கு வரும்போது எந்த இடத்தில் அவன் அவளாகிறான் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

தஞ்சைக் கலைக்கூடத்தில் செப்புத்திருமேனிகளோடு திரும்பிவிடாதீர்கள். தாராசுரத்திலிருந்து வந்த கஜசம்ஹார மூர்த்தி கருங்கல்லில் சுழன்றுகொண்டிருக்கிறார். பக்கத்தில் பார்வதி குழந்தையை இடுக்கிக்கொண்டு பயந்து ஒதுங்குகிறாள். கண்ணாடிப் பேழைகளில் ஜன்னல் வெளிச்சம் பட்டால் சிலைக்கு முன்னால் நம் முகம்தான் தெரியும். கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். எழும்பூருக்கு மட்டும் வெள்ளிக்கிழமை போகாதீர்கள். அன்றைக்கு விடுமுறை.