கொடையை அளக்கும் கோல்

ஓர் அரசு தன் எல்லைக்கு அப்பால் வாழும் வறியோர்க்குப் பொருள் வழங்குகிறது. ஓராண்டில் வழங்கியது எவ்வளவு என்று கேட்டால், கருவூலத்தின் செலவேட்டைப் புரட்டி ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம் என்றே தோன்றும். அவ்வாறு சொல்ல இயலாது. எதனை உதவி என்று கொள்வது, எந்நாளில் அது வழங்கப்பட்டதாக எழுதுவது, கடனாகக் கொடுத்ததில் எப்பகுதி கொடை என்ற வினாக்களுக்கு முதலில் விடை வேண்டும். இவை அளவையியலின் வினாக்கள். இவற்றுக்கு அளிக்கப்படும் விடையைப் பொறுத்தே எங்கோ ஓர் ஊரில் மருந்தகம் திறக்கிறது, அல்லது மூடப்படுகிறது. ஆதலின் இக்கணக்கியலை எழுத்தர்களின் வேலை என்று ஒதுக்கிவிடுதல் தகாது. இலக்கைச் சட்டமாகவே எழுதி வைத்த பிரித்தானியாவை எடுத்துக்கொண்டு, கணக்கு நடைபெறும் முறையை இங்கே காண்போம்.

இன்று உலகம் ஏற்றுள்ள அளவுகோலை வடித்தது, பொருளியல் கூட்டுறவு வளர்ச்சி அமைப்பின் கீழ் இயங்கும் வளர்ச்சி உதவிக் குழு. செல்வ நாடுகள் கூடிய அக்குழு 1969ஆம் ஆண்டில் 'அரசுமுறை வளர்ச்சி உதவி' என்பதற்கு வரையறை வகுத்து, 1972இல் அதனைச் செப்பம் செய்தது. பொருள் அரசிடமிருந்து செல்ல வேண்டும். பெறும் நாடு குழுவின் பட்டியலில் இருக்க வேண்டும். அந்நாட்டின் வளர்ச்சியும் நல்வாழ்வும் முதன்மை நோக்கமாக இருத்தல் வேண்டும். சந்தையினும் எளிய நிலையில் பொருள் வழங்கப்பட வேண்டும். படைக்கருவி வழங்கல் இதனுள் அடங்காது. ஐ.நா. அமைதிப்படைக்கு ஒரு நாடு செலுத்தும் பங்கில் 15 விழுக்காட்டை மட்டும் உதவியாக எழுதலாம். முன்னர் அது 7 விழுக்காடாக இருந்தது. கோடு எங்கே கிழிக்கப்படுகிறது என்பது இயற்கை தந்த விதி அன்று என்பதற்கு இம்மாற்றமே சான்று. கொடுப்போர் கூடிப் பேசி முடிவு செய்த கோடு அது. பெறுவோர்க்கு அந்த அவையில் உறுப்பினர் இருக்கை இல்லை.

கோல் அமைந்த பின் இலக்கு வந்தது. கனடாவின் முன்னாள் தலைமையமைச்சர் இலெசுட்டர் பியர்சன் தலைமையில் அமைந்த ஆணையம், செல்வ நாடுகள் தம் நாட்டு மொத்த வருமானத்தில் 0.7 விழுக்காட்டை அரசு உதவியாக வழங்க வேண்டும் என்று 1969இல் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு அக்தோபர் 24ஆம் நாள் ஐ.நா. பொதுப்பேரவை அதனை ஏற்றது. பிரித்தானியா 1974இல் இலக்கைக் கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. ஆனால் எட்டியது 2013இல்தான். 2015ஆம் ஆண்டில் நாடாளுமன்ற உறுப்பினர் மைக்கேல் மூர் கொணர்ந்த தனியுறுப்பினர் சட்டமுன்வரைவு நிறைவேறி, ஆண்டுதோறும் 0.7 விழுக்காட்டை எட்டுதல் அமைச்சரின் கடமை ஆயிற்று. தவறினால், தவறியது ஏன் என்று அவர் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்க வேண்டும். அவ்வளவே. வழக்குமன்றத்தில் அக்கடமையை வலியுறுத்த இயலாதவாறு சட்டமே வாயிலை அடைத்திருந்தது.

இந்த இலக்கைத் திட்டமிடுவதில் உள்ள இடர் நுட்பமானது. துறைகளுக்கு வழக்கமாகத் தொகை ஒதுக்கப்படும். தொகைக்குள் செலவு செய்தால் போதும். இங்கோ எட்ட வேண்டியது ஒரு விகிதம். விகிதத்தின் மேலெண் உதவிச் செலவு. கீழெண் நாட்டின் மொத்த வருமானம். ஆண்டு முடிந்து பல திங்கள் கழித்தே கீழெண் உறுதியாகத் தெரியவரும். ஆகவே ஆண்டுத் தொடக்கத்தில் பொருளியல் முன்கணிப்பை நம்பி இலக்கைத் தொகையாக மாற்றி, ஆண்டு நடுவில் முன்கணிப்பு திருத்தப்படும் போதெல்லாம் செலவையும் திருத்த வேண்டும். மேலும், அரசின் செலவாண்டு ஏப்பிரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. உதவிக் கணக்கோ சனவரி முதல் திசம்பர் வரை. ஒரே செலவு இரண்டு ஏடுகளில் இரண்டு ஆண்டுகளாகப் பிரிந்து நிற்கும். பல துறைகள் உதவிப் பணத்தைச் செலவிடுவதால், எத்துறையில் குறைந்தாலும் மிகுந்தாலும் அவ்வேறுபாட்டை இறுதியில் ஈடுசெய்யும் பொறுப்பு ஒரே துறையின் தலையில் விழுகிறது. முன்னர் அது பன்னாட்டு வளர்ச்சித் துறை. 2020 செப்தம்பரில் அத்துறை அயலுறவுத் துறையோடு இணைக்கப்பட்ட பின் புதிய அயலுறவு அலுவலகம்.

2012இல் ஏறத்தாழ 880 கோடி பவுண்டாக இருந்த உதவி, 2013இல் 1,140 கோடியாக உயர்ந்தது. ஓராண்டில் இத்துணைப் பெருக்கத்தை நல்ல திட்டங்களாக மாற்றுதல் எளிதன்று. ஒரு குடிநீர்த் திட்டத்தை வரைந்து, விலை கேட்டு, ஒப்பந்தமிட்டுத் தொடங்கவே ஈராண்டு செல்லும். ஆதலின் ஆண்டு முடிவில் விகிதத்தைச் சரிசெய்ய உறுதிமொழிச் சீட்டு உதவிக்கு வருகிறது. உலக வங்கியின் ஏழைநாட்டுக் கடன் பிரிவு போன்ற பன்னாட்டு அமைப்புகளுக்கு அரசு பணமாகச் செலுத்தாமல், கேட்கும்போது தருவோம் என்ற சீட்டை வைக்கிறது. சீட்டு வைக்கப்பட்ட நாளிலேயே முழுத் தொகையும் உதவியாகக் கணக்கில் ஏறும். பணம் கருவூலத்தை விட்டுச் செல்வது பின்வரும் ஆண்டுகளில் சிறிது சிறிதாக. இது விதிக்கு உட்பட்டதே. பன்னாட்டு அமைப்புகளுக்கு நீண்டகால உறுதி கிடைப்பதால் நன்மையும் உண்டு. ஆயினும் திசம்பரில் ஒரு தாளை இடம் மாற்றி ஆண்டின் விகிதத்தை நிறைவு செய்ய முடிகிறது என்பதைக் குடிமக்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

கீழெண் சுருங்கினால் என்ன நேரும் என்பதைப் பெருந்தொற்று காட்டியது. 2020இல் நாட்டு வருமானம் வீழ்ந்தது. 0.7 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதற்காக அவ்வாண்டின் நடுவிலேயே 290 கோடி பவுண்டு அளவுக்கு உதவியைக் குறைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஏழை நாடுகளின் தேவை உச்சத்தை எட்டிய ஆண்டு அது. இலக்கைத் தரையாக மட்டும் கொள்ளாமல் கூரையாகவும் கொண்டமையின் விளைவு இது. சட்டம் குறைந்த அளவையே கேட்டது. மேலே செல்வதைத் தடுக்கவில்லை. தடுத்தது கருவூலத்தின் மனப்பாங்கே. அதே ஆண்டு நவம்பரில், அடுத்த ஆண்டு முதல் உதவி 0.5 விழுக்காடாகக் குறைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

எவ்வளவு என்பதோடு எதற்கு என்பதும் கணக்கின் பகுதி. பிரித்தானிய ஆட்சிமுறையில் ஒவ்வொரு துறையின் தலைமைச் செயலரும் கணக்குப் பொறுப்பு அலுவலர் ஆவார். செலவு சட்டத்திற்கு உட்பட்டதா, முறையானதா, பணத்திற்கேற்ற பயன் தருமா, நடைமுறையில் இயலுமா என்று அவர் நாடாளுமன்றத்திற்கு நேரே விடை சொல்ல வேண்டியவர். அமைச்சர் வற்புறுத்தும் செலவு இத்தேர்வில் தேறாது என்று கருதினால், எழுத்து வடிவில் ஆணை தருமாறு கேட்கலாம். ஆணை வந்தால் செலவு நடக்கும், பொறுப்பு அமைச்சருடையதாகும், ஆணையின் செய்தி தணிக்கையாளர்க்குச் செல்லும்.

இவ்வேற்பாட்டின் வலிமையை உணர்த்திய நிகழ்வு மலேசியாவின் கிளந்தான் மாநிலத்துப் பெர்காவ் அணை. 23.4 கோடி பவுண்டு உதவி கேட்ட அந்த நீர்மின் திட்டம் பொருளியல் நோக்கில் இழப்பே தரும் என்று உதவித் துறையின் அலுவலர்கள் கணித்தனர். அதனினும் மலிவாக மின்னாக்க வேறு வழிகள் மலேசியாவுக்கு இருந்தன. ஆனால் 1988இல் படைக்கருவி விற்பனைப் பேச்சின்போது, விற்பனை மதிப்போடு உதவித் தொகையை இணைத்து ஓர் உடன்பாடு எழுதப்பட்டிருந்தது. தலைமையமைச்சர் நிலையில் கொடுத்த வாக்கும் இருந்தது. துறையின் தலைமைச் செயலர் டிம் இலாங்கெசுட்டர் 1991இல் எழுத்தாணை கேட்டார். அயலுறவு அமைச்சர் டக்ளசு கெர்டு ஆணையிட்டார். அந்தத் தாள் இல்லாமற் போயிருந்தால் செய்தி கோப்புகளுக்குள் உறங்கியிருக்கும். தணிக்கை அறிக்கை 1993இல் வந்தது. நாடாளுமன்றக் குழுக்கள் உசாவின. ஒரு மக்கள் இயக்கம் வழக்குத் தொடர்ந்தது. 1994 நவம்பரில் உயர்நீதிமன்றம், பொருளியல் நலமற்ற திட்டத்திற்கு உதவிச் சட்டத்தின்கீழ்ப் பணம் தருதல் சட்டமீறல் என்று தீர்த்தது. இத்தீர்ப்பின் நிழலில்தான் வறுமை ஒழிப்பையே உதவியின் நோக்கமாக நிறுத்திய 2002ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. உதவி பெறும் நாடு பொருள்களைப் பிரித்தானிய நிறுவனங்களிடமே வாங்க வேண்டும் என்ற கட்டும் 2001இல் அவிழ்க்கப்பட்டிருந்தது. ஓர் அலுவலர் தம் கடமையை முறைப்படி எழுத்தில் ஆற்றியமை இத்துணைத் தொலைவு சென்றது என்பதை நான் வியப்போடும் நன்றியோடும் நினைக்கிறேன்.

கடனைக் கொடையாக அளத்தல் தனிக் கலை. பழைய விதிப்படி, 10 விழுக்காட்டுக் கழிவு வீதத்தில் கணக்கிட்டுக் கடனில் கொடைக்கூறு 25 விழுக்காடு தேறினால், கடன் முழுவதும் உதவியாக எழுதப்பட்டது; திரும்பி வந்த முதல் பின்னாண்டுகளில் கழிக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டுக் கணக்கு முதல் கொடைக்கூறு மட்டுமே எழுதப்படுகிறது. மிக வறிய நாடொன்றுக்கு 100 கோடி பவுண்டைப் பத்தாண்டு கழித்து ஒரே தவணையில் திருப்பித் தருமாறும், ஆண்டுக்கு 1 விழுக்காடு வட்டியிலும் கொடுத்ததாகக் கொள்வோம். அத்தகைய நாடுகளுக்குரிய கழிவு வீதமாகிய 9 விழுக்காட்டில், திரும்பிவரும் பணத்தின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 49 கோடி. எஞ்சிய 51 கோடி கொடை. பழைய விதியில் 100 எழுதப்பட்ட இடத்தில் இன்று 51 எழுதப்படும். இது திருத்தமே. எனினும் 9 விழுக்காடு என்னும் வீதம் மிகப் பெரிது. அரசுகள் தாமே மிகக் குறைந்த வட்டியில் கடன் பெற்ற காலத்திலும் இவ்வீதம் மாறவில்லை. அதனால் ஏட்டில் உள்ள கொடை, அரசு உண்மையில் இழந்ததினும் மிகுதியாகத் தோன்றுகிறது.

இவ்வாறு அளந்த ஒவ்வொரு செலவும் நாட்டுக்கு ஒன்று, துறைக்கு ஒன்று எனக் குறியெண் பெறும். அடிப்படைக் குடிநீரும் துப்புரவும் 14030. குடும்ப நலத் திட்டமிடல் 13030. இளவேனிலில் தற்காலிகப் புள்ளிவிவரமும் இலையுதிர் காலத்தில் இறுதியானதும் வெளியாகும். திட்டம்தோறும் ஆண்டு மதிப்பாய்வு எழுதப்பட்டு, எவரும் படிக்குமாறு பொதுவில் வைக்கப்படுகிறது. அரசின் கணக்கை நாட்டுத் தணிக்கை அலுவலகம் ஆராய்கிறது. உதவியின் விளைவை 2011இல் அமைந்த தன்னுரிமை ஆணையம் ஆராய்ந்து நாடாளுமன்றக் குழுவிடம் உரைக்கிறது. வேறு பல நாடுகளில் காண அரிய வெளிப்படைத்தன்மை இது.

இத்துணைக் காவல் இருந்தும், கடந்த சில ஆண்டுகளில் உதவியின் கணிசமான பகுதி நாட்டை விட்டு வெளியே செல்லவேயில்லை. வழி திறந்தது 1988இல் குழு ஏற்ற ஒரு விதி: நாட்டுக்குள் வந்தடைந்த ஏதிலியர்க்கு முதல் பன்னிரு திங்கள் அளிக்கும் உணவு, உறையுள் முதலியவற்றின் செலவை உதவியாக எழுதலாம். எழுதியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நெடுங்காலம் இத்தொகை சிறிதாகவே இருந்தது. உக்கிரேனியப் போரும், அடைக்கலம் கோருவோரை விடுதிகளில் தங்கவைக்கும் முறையும் சேர்ந்து 2022இல் இதனை 370 கோடி பவுண்டாக்கின. மொத்த உதவியில் அது 29 விழுக்காடு. 2023இல் 430 கோடி. அவ்வாண்டின் மொத்த உதவி 1,530 கோடி. விடுதிச் செலவு உள்துறையின் கையில். வருவோர் எண்ணிக்கைக்கேற்ப அது வளரும். மொத்தமோ 0.5 விழுக்காட்டில் கட்டப்பட்டது. ஆகவே உள்துறையின் செலவு ஏற ஏற அயலுறவு அலுவலகத்தின் வெளிநாட்டுத் திட்டங்கள் சுருங்கின. 2022 சூலை முதல் நவம்பர் வரை இன்றியமையாதவை அல்லாத உதவிச் செலவுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. கருவூலம் ஈராண்டுகளுக்கு 250 கோடி பவுண்டு கூடுதலாகத் தந்தும் இடைவெளி முழுதும் அடைபடவில்லை.

ஏதிலியர்க்கு உறையுள் தருதல் நாகரிக அரசின் கடமை. அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அக்கடமைக்கான பணத்தை, சோமாலியாவின் வறட்சியிலும் ஏமனின் பசியிலும் தவிப்போர்க்கு உரிய கூறிலிருந்து எடுத்தல் முறையன்று. ஒரு துறை செலவிட, அதன் விலையை வேறொரு துறையின் கூறு சுமக்கும்போது, மலிவாகச் செலவிடும் தூண்டுதலும் அத்துறைக்கு அற்றுப்போகிறது. 2023 மார்ச்சில் தன்னுரிமை ஆணையம் சுட்டிய குறையும் இதுவே. உதவிக் கூறு தீர்ந்தாலும் தம் கூறு குறையாது என்னும் நிலையில், விடுதி வாடகையைக் குறைக்க உள்துறை அலுவலர்கள் ஏன் முயல்வர்?

2025 பிப்பிரவரி 25ஆம் நாள், படைச் செலவைப் பெருக்கும் பொருட்டு, 2027இல் உதவி 0.3 விழுக்காடாகக் குறையும் என்று தலைமையமைச்சர் கீர் இசுட்டார்மர் அறிவித்தார். வளர்ச்சிக்குப் பொறுப்பான அமைச்சர் சில நாள்களில் பதவி துறந்தார். இவ்வளவு சுருங்கிய கூறுக்குள்ளும் விடுதிக் கணக்கு தொடருமானால், வெளிநாட்டுத் திட்டங்களுக்கு எஞ்சுவது மிகச் சிறிது. இதற்கு மாற்று கண்ணெதிரே உள்ளது. ஆத்திரேலியாவும் இலக்சம்பர்க்கும் நாட்டுக்குள் தங்கும் ஏதிலியர்க்கான செலவை உதவிக் கணக்கில் எழுதுவதில்லை. அவ்விரு நாடுகளும் அதே குழுவின் உறுப்பினர்களே. பிரித்தானியா அவ்வழியைக் கொள்ளப் புதிய சட்டமோ பன்னாட்டு ஒப்புதலோ வேண்டியதில்லை. கருவூலம் உள்துறைக்குத் தனித் தொகை ஒதுக்கி, உதவி அட்டவணையிலிருந்து அந்த ஒரு வரியை நீக்கினால் போதும்.