யாட் ஏறப் போறீங்களா? முதல்ல கணக்குப் போடுங்க!

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)



“மெஸ் பில் கட்டவே வழியில்லை, இதுல சொகுசுப் படகா?” என்று சிரிக்காதீங்க. எங்கப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். போன செமஸ்டர் லீவில் மும்பையில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போனேன். கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் ஒரு யாட்டில் மாமாவுக்கு இன்ஜின் வேலை. அவரோடு போய்த் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

யாட் என்பது டிக்கெட் வாங்கி ஏறும் படகு இல்லை. கேப்டன், வேலையாட்களோடு படகு முழுவதையும் மணிக்கணக்கில் நாம் எடுக்கிறோம். வாடகை ஆளுக்கு இல்லை, நேரத்துக்கு! டீசலும் சாப்பாடும் அதில் சேர்த்தியா, தனியா என்று முன்பே கேட்டுவிட வேண்டும்.

இன்னொரு விஷயம். அங்கே யாட்டுகள் கரையை ஒட்டி நிற்பதில்லை, தள்ளித்தான் கட்டிக் கிடக்கும். படிக்கட்டிலிருந்து சின்னப் படகில் போய் ஏற வேண்டும். நம்ம ஊர்க் கடல் ஏறி வற்றுவது ஒரு மீட்டர் அளவுதான். மும்பையிலோ அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் 4 மீட்டருக்கும் மேலே! வயசானவங்களைக் கூட்டிப் போனால் இதையும் விசாரிக்கணும்.

சரி, கணக்குக்கு வருவோம். கேட்வே கிழக்கே பார்த்தது. கடலில் சூரியன் மறைவதையும் மெரைன் டிரைவையும் பார்க்க, கொலாபா முனையைச் சுற்றி மேற்கே போகணும். சுமார் 12 கிலோமீட்டர். கடலில் வேகத்தை ‘நாட்’ என்பார்கள். 1 நாட் என்றால் மணிக்கு 1.852 கி.மீ. பாய்மர யாட் 5 நாட்டில் போனால் மணிக்கு 9 கி.மீ. சொச்சம்தான். போய்ச் சேரவே 1 மணி 18 நிமிஷம்! இன்ஜின் யாட் 10 நாட்டில் போனாலும் போய்த் திரும்ப அதே 1 மணி 18 நிமிஷம். அப்போ ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டிவிட்டு மெரைன் டிரைவ் பார்க்க முடியுமா? நீங்களே சொல்லுங்க!

அடுத்தது ஆள் கணக்கு. நான் போன அன்று ஒருவர் தன் அம்மாவின் அறுபதாம் பிறந்தநாளுக்காகப் படகு எடுத்திருந்தார். அனுமதி 10 பேருக்கு, வந்தது 13 பேர். கேப்டன் ஏற்ற மறுத்துவிட்டார். சத்தம், சண்டை. கடைசியில் அந்த அம்மாவே, நீங்க போங்க என்று கையைக் காட்டிவிட்டு, இரண்டு பேரோடு படியில் உட்கார்ந்துவிட்டார். யாருக்காக எடுத்த படகோ, அவங்க கரையில்!

எனக்கு மனசு கேட்கவில்லை. “மூணு பேர்தானே மாமா?” என்றேன்.

“பாவமாத்தான் இருக்கு மாப்ளே. கடலுக்குப் பாவம் பார்க்கத் தெரியாதே” என்றார்.

2024 டிசம்பர் 18 அன்று இதே கேட்வேயிலிருந்து எலிஃபெண்டா தீவுக்குப் போன பயணிகள் படகின் மீது, இன்ஜின் சோதனை ஓட்டத்தில் இருந்த கடற்படை வேகப்படகு மோதியது. 15 பேர் இறந்தார்கள். பயணிகள் படகுக்கு அனுமதி 84 பயணிகளுக்கு. ஏறியிருந்தவர்களோ 100-க்கும் மேல். மோதியது யார் தப்பாக இருந்தாலும், தண்ணீரில் விழுந்த பிறகு உதவுவது லைஃப் ஜாக்கெட்தான்.

ஆகவே பணம் கட்டும் முன் கேளுங்கள்: அனுமதி எத்தனை பேருக்கு? குழந்தைகள் அளவிலும் லைஃப் ஜாக்கெட் உண்டா? கடல் மோசமானால் பணம் திரும்ப வருமா? மழைக்காலத்தில் போகவே வேண்டாம்.

இரட்டை அடிப்பாகம் கொண்ட யாட்டை ‘கேட்டமரான்’ என்கிறார்கள். அது நம்ம ‘கட்டுமரம்’ என்ற சொல்லிலிருந்து போனதுதான்! இதைப் பெருமையாக அப்பாவிடம் போனில் சொன்னேன். ஒருநாளும் லைஃப் ஜாக்கெட் போடாமல் கடலுக்குப் போன மனுஷன் கேட்டது ஒன்றுதான்: “நீ ஜாக்கெட் போட்டுக்கிட்டியாடா?”

போட்டுக்கிட்டேன்ப்பா.