புதைந்த ஊர்களின் மேல் ஒரு நகரம்: நெய்வேலியின் 'பாரம்பரியம்' குறித்து

'பாரம்பரியம்' என்றதும் நம் மாவட்டத்தில் கை தானாகச் சிதம்பரம் கோயிலை நோக்கி நீளும். சுரங்கத்துக்கும் கொதிகலனுக்கும் பாரம்பரியம் உண்டென்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020இல் நிறுத்தப்பட்ட பிறகு இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. சோவியத் உதவியோடு எழுந்து, 1962இல் மின்சாரம் தரத் தொடங்கிய, 600 மெகாவாட் திறன்கொண்ட நிலையம் அது. ஒரு தலைமுறைக்கு 'நவீன இந்தியா' என்பதே அதன் புகைபோக்கிகள்தான். அதை எப்படி நினைவுகூர்வது? முக்கியமாக, யாருடைய நினைவாக?

வழக்கமான கதையாடல் எல்லோருக்கும் தெரியும். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி என்று பிறகு உறுதியானது. 1956 நவம்பரில் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் லிக்னைட் வெளியே தெரிந்தது. இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் இந்தக் கதையின் எழுவாய்களைக் கவனியுங்கள்: கொடையாளி, பிரதமர், நிறுவனம். நிலம் கொடுத்தவர் இருக்கிறார். நிலம் எடுக்கப்பட்டவர்கள் இல்லை.

இந்த இல்லாமை மறதியால் நேர்ந்ததல்ல. தொழிலின் இயல்பைப் பார்த்தால் புரியும். லிக்னைட்டின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். தூரத்துக்குக் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது. சுரங்கத்தின் வாசலிலேயே எரித்தாக வேண்டும். படிவம் அகலப் பரந்து கிடப்பதால், மேலே இருக்கிற மண் அத்தனையையும் அகற்றுகிற திறந்தவெளிச் சுரங்கம்தான் வழி. படிவத்துக்கு அடியிலோ ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவும் பகலும் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்துவிடும். ஆக, ஊர், மேல்மண், நிலத்தடி நீர் என்ற மூன்றையும் அகற்றாமல் இங்கே ஒரு யூனிட் மின்சாரமும் கிடையாது. இடப்பெயர்வு இந்தத் தொழிலில் பக்கவிளைவு அல்ல, முதல் வேலை.

வெள்ளையன்குப்பம், பெருமாத்தூர், ஆதண்டார்கொல்லை எனப் பல ஊர்களை எடுத்துத்தான் நெய்வேலி உருவானது. இந்தப் பெயர்களே ஒரு பிரதிதான். குப்பம் என்றால் சிறு குடியிருப்பு. கொல்லை என்றால் மானாவாரி வெள்ளாமை. ஊர்ப்பெயரைச் சொன்னாலே மண் எப்படிப்பட்டது, ஜனங்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பது தெரிந்துவிடும். அந்தப் பெயர்களின் இடத்தில் வந்தவை 'வட்டங்கள்': முதல் வட்டம், இரண்டாம் வட்டம் என்று எண்கள். பெயர் போய் எண் வந்த இந்த மாற்றத்தில் ஒரு முழு அதிகாரச் சொல்லாடலும் அடங்கியிருக்கிறது. 'உங்க ஊரு எது?' என்ற சாதாரணக் கேள்விக்கு, 'அது இப்ப இல்லீங்க' என்று மட்டும்தான் பதில் சொல்ல முடிகிற மனிதர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் நகரத்தை வெறுத்து ஒதுக்கிவிடலாமா? அதுவும் நேர்மையாகாது. கூரைவீட்டுப் பிள்ளைகள் அங்கே படித்து மேலே வந்தார்கள். தொழிற்சங்கங்கள் போராடி உரிமைகளை வாங்கின. 1990களின் இறுதியில் தொடங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் பலர் மூட்டை கட்டிப் புத்தகம் வாங்கியிருப்பார்கள். நாமும் அந்த வெளிச்சத்தில் படித்தவர்கள்தாம். ஆனால் அதே நகரத்தில்தான் 2020 மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் இரண்டாம் அனல்மின் நிலையக் கொதிகலன்கள் வெடித்தன. இறந்தவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நகரத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் இவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

செழிப்பும் மறதியும் சேர்ந்து வருவது இங்கே புதிதல்ல. சிதம்பரத்துக்குப் பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் இரும்பாலை நடத்தினார். தாது சேலத்திலிருந்து வந்தது, எரிபொருள் காட்டுமரக் கரி, இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. 1860களில் எல்லாம் ஓய்ந்தது. ஹீத்தின் பெயர் நூல்களில் இருக்கிறது. கரி சுட்டவர்களின் பெயர், தாது சுமந்தவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

வாழும் நினைவு அற்றுப்போகிற இடத்தில்தான் நினைவுத்தளங்கள் எழுகின்றன என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பியர் நோரா வாதிட்டார். அப்படியானால் நினைவுத்தளம் என்பது இழப்பின் ஒப்புதல். அந்த ஒப்புதலை வெளிப்படையாகச் செய்த ஓர் உதாரணம் உண்டு. கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியும் பழுப்பு நிலக்கரி பூமி. அங்கே சுரங்கத்துக்காக இடிக்கப்பட்ட ஹோர்னோ கிராமத்தின் மக்கள் குடியேறிய இடத்தில், 2006இல் 'மறைந்த ஊர்களின் ஆவணக்காப்பகம்' திறக்கப்பட்டது. சுரங்கத்தால் முழுதாகவோ பகுதியாகவோ அழிந்த 130க்கும் மேற்பட்ட ஊர்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. இயந்திரத்துக்கு அல்ல, ஊர்களுக்கு எழுந்த நினைவகம் அது.

நெய்வேலிக்கும் இதுதான் தேவை. பழைய டர்பைனை மேடைமேல் ஏற்றிப் பெயின்ட் அடித்து வைப்பது சுலபம். எடுக்கப்பட்ட ஒவ்வோர் ஊரின் பெயர், வரைபடம், குலசாமி, ஏரி, சேரிக்கும் ஊருக்கும் கிடைத்த இழப்பீட்டின் வித்தியாசம், குத்தகைக்காரருக்கும் கூலிக்காரருக்கும் எதுவுமே கிடைத்ததா என்ற கணக்கு ஆகியவற்றைச் சேகரிப்பதுதான் கஷ்டம். சொல்லக்கூடியவர்கள் வயதானவர்கள். டேப் ரிக்கார்டர் காலம் போய்விட்டது. இப்போது எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. அரசாங்கம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

இதைப் பழங்கதை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புக்கு அருகே வளையமாதேவியில், பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காக, கதிர் பிடிக்கிற நெற்பயிருக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. நாம் 'பாரம்பரியம்' என்று பேசத் தொடங்கும்போது அந்த வயலும் பட்டியலில் சேர்ந்துகொண்டிருக்கிறது. அந்தப் பட்டியலை யார் எழுதுவது என்பதுதான் இப்போதைய கேள்வி.