எட்டு நிமிடத்தில் வெளியேற வேண்டிய ஐம்பதாயிரம் பேர்

களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குள் நுழைந்த பிறகும் தமிழ்ப் பேச்சு நிற்பதில்லை. கால்பந்துப் பேச்சும் அப்படித்தான். தூத்தூர், சின்னத்துறை, நீரோடி எனக் குமரிக் கடப்புறம் முழுக்க ஆடும் ஆட்டம் எல்லைக்கு அந்தப் பக்கம் பொழியூரிலும் தொடர்கிறது. நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில், கடலரிப்போடு போராடிக்கொண்டிருக்கும் இந்த மீனவ ஊர், கேரளத்தின் சந்தோஷ் டிராபி அணிக்கு ஆட்டக்காரர்களைத் தந்துகொண்டே இருக்கிறது. 2018இல் கொல்கத்தாவில் வங்காளத்தை வீழ்த்திக் கோப்பையை வென்ற அணியில் இருந்த சீசன் இந்த ஊர்க்காரர்.

இவர்கள் மணலில் ஆடிப் பழகும் ஆட்டத்தைச் சர்வதேச அளவில் பார்க்க, பக்கத்தில் இருக்கும் பெரிய அரங்கம் திருவனந்தபுரத்தின் காரியவட்டத்தில் உள்ள கிரீன்ஃபீல்டு. எல்லையோரக் காரோட்டில் தொடங்கும் புறவழிச்சாலை ஏறத்தாழ 43 கி.மீ. ஓடிக் கழக்கூட்டத்தில் முடிகிறது. அங்கிருந்து அரங்கம் கொஞ்ச தூரம்தான். கேரளப் பல்கலைக்கழகத்தின் நிலத்தில், 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. சுமார் 50,000 பேர் உட்காரலாம். அதே ஆண்டு டிசம்பரில் தெற்காசியக் கால்பந்துக் கோப்பைப் போட்டி இங்கே தொடங்கியது. 2016 ஜனவரி 3 அன்று இறுதியாட்டம். 70ஆவது நிமிடத்தில் ஆப்கானிஸ்தான் முந்தியது. இரண்டே நிமிடத்தில் இந்தியாவின் ஜெஜே சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி அடித்த கோலில் இந்தியா 2-1 என வென்றது.

இப்படி ஓர் ஆட்டத்தைத் தாங்க அரங்கத்துக்கு என்னென்ன வேண்டும்? கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து தொடங்கலாம்.

புல்லுக்கு அடியிலும் மணல்தான். ஆனால் கடற்கரை மணல் உதவாது. உப்பும் சிப்பித்தூளும் இல்லாமல், ஒரே அளவாகச் சலித்த மணல் வேண்டும். பொதுவாக அது ஓர் அடி ஆழத்துக்கு இருக்கும். அதற்குக் கீழே சரளைக்கல் அடுக்கு, அதற்கும் கீழே துளையிட்ட குழாய்கள். மழை பெய்தால் நீர் நேராகக் குழாய்க்குப் போய்விடும் என்று தோன்றும். போகாது. நுண்ணிய மணலின் இடுக்குகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சரளையின் பெரிய இடைவெளிகளுக்கு அந்த இழுவிசை கிடையாது. அதனால் மணல் நன்றாக நனைந்து நிரம்பும்வரை நீர் சரளைக்குள் இறங்காது. நிரம்பியதும் சட்டென்று வடியும். வெயில் நாளில் வேருக்கு ஈரம், மழை நாளில் வடிகால்: இரண்டு வேலையையும் ஒரே அடுக்கு செய்கிறது. துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழையில் நனையும் திருவனந்தபுரத்துக்கு இது உயிர்நாடி. 2017 நவம்பர் 7 அன்று கிரீன்ஃபீல்டில் நடந்த முதல் சர்வதேச கிரிக்கெட் ஆட்டத்தை மழை வழிமறித்தது. ஆனாலும் ஆடுகளம் தேறி, அணிக்கு எட்டு ஓவர் என ஆட்டம் நடந்தே முடிந்தது. நியூசிலாந்தை இந்தியா 6 ரன்னில் வென்றது. நல்ல வடிகால் இல்லாத மைதானமாக இருந்திருந்தால் அன்று கூட்டம் வெறுங்கையோடு திரும்பியிருக்கும்.

அடுத்தது கூட்டம். ஓர் அரங்கம் எத்தனை பேரைக் கொள்ளும் என்பதை நாற்காலிகளை எண்ணித் தீர்மானிப்பதில்லை. எத்தனை பேர் பத்திரமாக வெளியேற முடியும் என்பதே கணக்கு. 1971இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கப் படிக்கட்டில் நெரிசலில் 66 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பிரிட்டனில் எழுதப்பட்ட பாதுகாப்பு வழிகாட்டி, பார்வையாளர் பகுதியிலிருந்து எல்லோரும் எட்டு நிமிடத்துக்குள் வெளியேறும் வழிக்கு வந்துவிட வேண்டும் என்கிறது. ஒரு மீட்டர் அகலச் சமதளப் பாதையில் நிமிடத்துக்கு 82 பேர் போகலாம், படிக்கட்டில் 66 பேர். 50,000 பேருக்குப் போட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு 6,250 பேர். சமதளமானால் மொத்தம் 76 மீட்டர் அகலத்துக்கு வழி வேண்டும், படிக்கட்டானால் 95 மீட்டர். அதுவும் எல்லாப் பக்கமும் பிரிந்து இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கின் கடுமையை 2017இல் கொச்சி உணர்ந்தது. 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையின் ஆறு அரங்கங்களில் கொச்சி ஜவகர்லால் நேரு அரங்கமும் ஒன்று. பல பத்தாயிரம் பேர் திரண்டு பழகிய அந்த இடத்தில், வெளியேறும் வசதியைக் கணக்கிட்டுச் சுமார் 29,000 பேரை மட்டுமே அனுமதித்தார்கள். பிரேசிலும் ஸ்பெயினும் மோதிய ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்காதவர்களின் வருத்தம் நியாயமானது. முடிவு அதைவிட நியாயமானது.

கிரீன்ஃபீல்டின் சிக்கல் வேறு. அது கால்பந்து, கிரிக்கெட் இரண்டுக்குமாகக் கட்டப்பட்டது. சர்வதேசக் கால்பந்துத் திடல் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நடுவிலிருந்து பக்கக்கோடு 34 மீட்டரில் வந்துவிடும். கிரிக்கெட் எல்லையோ எந்தப் பக்கமும் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தள்ளி ஓடும். அந்த வட்டத்துக்கு வெளியேதான் இருக்கைகள். கால்பந்துக்கென்றே கட்டிய அரங்கில் பக்கக்கோட்டு ரசிகருக்கு ஆட்டக்காரரின் மூச்சே கேட்கும். இங்கே முன்வரிசைக்காரருக்கும் பக்கக்கோட்டுக்கும் இடையில் முப்பது மீட்டர் புல் கிடக்கும்.

தூரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நடுவில் இருக்கும் களிமண்தான் பெரிய தகராறு. கிரிக்கெட் ஆடுகளத்தைக் களிமண் கொட்டி, உருளை ஓட்டி இறுக்குகிறார்கள். கால்பந்துக்கு வேண்டியது நெகிழ்ந்து கொடுக்கும் மணல்தளம். ஆணிக்காலணிகள் அந்தக் களிமண்ணைக் கிளறினால் கிரிக்கெட் கெடும். அதன் இறுக்கத்தில் விழுந்தால் கால்பந்துக்காரரின் முழங்கால் கெடும். 2018இல் இந்தியா - மேற்கிந்தியத் தீவுகள் ஒருநாள் ஆட்டத்தைக் கொச்சியில் நடத்தத் திட்டமிட்டபோது, உலகக்கோப்பைக்காக வளர்த்த புல்தளத்தைத் தோண்டுவதா என்று எதிர்ப்பு கிளம்பியது. சச்சின் டெண்டுல்கரும் சுனில் சேத்ரியும் புல்லின் பக்கம் பேசினார்கள். ஆட்டம் கிரீன்ஃபீல்டுக்கு மாறி நவம்பர் 1 அன்று நடந்தது. கொச்சியின் கால்பந்துத் தரை பிழைத்தது. காரியவட்டம் மேலும் கிரிக்கெட் பக்கம் சாய்ந்தது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஆக்லாந்தின் ஈடன் பார்க் ரக்பியும் கிரிக்கெட்டும் ஆடும் இடம். அங்கே கிரிக்கெட் ஆடுகளத்தை வெளியே வளர்த்து, பருவம் வரும்போது தூக்கிவந்து பதிக்கிறார்கள். முடிந்ததும் எடுத்துவிட்டுப் புல்தரையை நிரப்புகிறார்கள். அதே அரங்கில்தான் 2023 ஜூலை 20 அன்று பெண்கள் கால்பந்து உலகக்கோப்பையின் தொடக்க ஆட்டம் நடந்தது. 42,137 பேர் பார்க்க நியூசிலாந்து நார்வேயை 1-0 என வென்றது. செலவு பிடிக்கும் ஏற்பாடுதான். ஆனால் நாட்டுக்கு ஒரு தெற்காசியக் கோப்பையை வென்று தந்த தரை காரியவட்டம், பொழியூர்ப் பிள்ளைகள் புறவழிச்சாலையில் ஒரு மணி நேரத்தில் எட்டக்கூடிய தூரத்தில் இருக்கிறது. அங்கே அந்தச் செலவைச் செய்யலாம் என்றே நினைக்கிறேன்.